வெஸ்லியிடம் கேட்காமல் விட்டது

அன்பு மகன் வெஸ்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவுக்கும் எனக்கும் உடம்பு ஏதோ ஓடுகிறது, மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே அலாஸ்காவில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, குரல் செய்தி விடலாமென்றால் பெட்டி நிறைந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் சொல்கிறது, சொல்லிச் சொல்லி அவள் எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். மீன் தொழிற்சாலையின் விலாசம் கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில் இருந்தது, இதை அங்கேதான் அனுப்புகிறேன். மிச்சிகனில் இந்த பிப்ரவரி வழக்கத்தைவிட மோசம், பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. அப்பா முழங்கால் வலியோடு தினமும் வாசலில் பனி அள்ளுகிறார், மெஷின் வாங்குங்கள் என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூன்று வருஷமாய் மான் வேட்டைக்கும் போவதில்லை. துப்பாக்கிகளை எல்லாம் உன் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார், ஏன் என்று கேட்டதற்கு இடத்தை அடைக்குது என்றார், நானும் சரி, அலமாரி காலியாச்சு என்று சந்தோஷப்பட்டேன். போன சனிக்கிழமை சர்ச்சில் இறைச்சியும் கிழங்கும் அடைத்துப் பேஸ்டி சுட்டு விற்றோம், கிழங்கு நறுக்கி என் விரலெல்லாம் கொப்புளம். நீ கம்பளிக் காலுறை இரண்டாய்ப் போட்டுக்கொள், ஈரத்தில் நிற்கிற வேலை.

என் படிப்பைப் பற்றி ஊரே விசாரிக்கிறது, உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அது கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் தட்டு நீட்டியவள், பிள்ளைகள் எல்லாம் என்னிடம் வந்து மனசைக் கொட்டுவார்கள், ஆசிரியைகள் கூட மார்லீன், உங்களுக்கு நல்ல காது என்பார்கள். அதை நம்பித்தான் ஐம்பத்தைந்து வயதில் மனநல ஆலோசகர் ஆகிறேன் என்று முதுகலையில் போய் உட்கார்ந்தேன். கூடப் படிப்பவர்கள் எல்லாம் உன்னைவிடச் சின்னவர்கள். பாடத்தில் நான் மோசமில்லை, பரீட்சையில் முதல் மூன்று பேருக்குள் வந்தேன். இரண்டாம் வருஷம் நிஜமான ஆட்களை உட்கார வைத்துப் பேச விடுவார்கள். அந்த அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் மறுபக்கம் இருந்து எங்கள் மேற்பார்வையாளர் ட்ரெம்பாத் அம்மாள் பார்த்துக்கொண்டிருப்பார், வருகிறவர்களுக்கும் அது தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். பேர் ஊர் தொழில் எதுவும் சொல்லக்கூடாது, என் வயதுக்காரி என்பது மட்டும் போதும். பேச்சோடு பேச்சாக, காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா யாருக்கும் ஒண்ணும் நஷ்டமில்லை என்றாள். வெஸ்லி, அவள் அதைச் சொன்னவுடன் நான் என்ன கேட்டேன் தெரியுமா? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, நேரத்துக்குச் சாப்பிடணும்ங்க என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உடனே கதவு தட்டப்பட்டது. ட்ரெம்பாத் அம்மாள் உள்ளே வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், அவர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. அவளைப் பார்த்து, உங்க உயிரை நீங்களே முடிச்சுக்கணும்னு நினைப்பு இருக்கா என்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு ஆமாம் என்றாள். அப்புறம் அவளுக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் செய்தார்கள், இப்போது பத்திரமாக இருக்கிறாள். நான் அவளை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அன்று சாயங்காலம் ட்ரெம்பாத் அம்மாள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவங்க கதவைத் திறந்து வச்சாங்க மார்லீன், நீங்க அடுப்பங்கரைக்குள்ள ஓடிட்டீங்க என்றார். என்னைப் படிப்பில் வைத்துக்கொள்வதா என்று கல்லூரிக் கமிட்டி முடிவு சொல்கிறவரை நான் யாரையும் பார்க்கக்கூடாது. வியாழக்கிழமை கூடுகிறார்கள். அதற்கு முன்னால் அந்தப் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டு வரிக்கு வரி எழுதித் தரவேண்டும், அவள் சொன்னது ஒரு பக்கம், நான் சொன்னது ஒரு பக்கம், சொல்லியிருக்க வேண்டியது கடைசியில். சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். என் குரலை நான் இதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. எவ்வளவு அன்பான குரல் தெரியுமா, எவ்வளவு கனிவு! அந்தக் கனிவாலேயே அவள் வாயை அடைக்கிறேன். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டபோதுதான் நீ நினைவுக்கு வந்தாய்.

உனக்குப் பத்தொன்பது வயது, ஆகஸ்ட் மாசம், நான் பாத்திரம் கழுவ நீ துடைத்துக்கொண்டிருந்தாய். நாளைக்கு எந்திரிக்கவே வேணாம்னு இருக்கும்மா என்றாய். அப்ப அந்தப் போனை வச்சிட்டு சீக்கிரம் படு என்றேன். நீ சிரித்தாய். சரிம்மா என்று சொல்லித் துண்டை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாய். ஆறு வாரத்தில் அலாஸ்காவுக்குக் கிளம்பிவிட்டாய். எட்டு வருஷமாக என் பிள்ளை ஊர் சுற்ற ஆசைப்பட்டவன், சுறுசுறுப்பானவன் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன். என்னை வெளியே அனுப்பினால் அது நியாயம்தான், சண்டை போட மாட்டேன். பெற்ற பிள்ளை சொன்னதே விழாத காதை வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளை சொல்வதை எப்படிக் கேட்கப்போகிறேன்?

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை உனக்கு எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அந்தக் கேள்வியை வாய் குழறாமல் கேட்கப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றி வளைத்துக் கேட்கக்கூடாது, கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது என்று முதல் வருஷமே பாடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரை முடிச்சுக்கணும்னு நினைப்பு இருக்கா, உயிரை முடிச்சுக்கணும்னு நினைப்பு இருக்கா என்று நாலைந்து தடவை. அப்பா பனி அள்ளிவிட்டு உள்ளே வந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து, இப்ப இல்ல மார்லீன் என்றார். திரும்பினால் தொப்பியைக் கூடக் கழற்றாமல் நிற்கிறார், பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். சுரங்கத்துல எனக்கு வேலை போச்சே, அந்த வருஷம் இருந்துச்சு, அதான் துப்பாக்கியெல்லாம் தம்பிகிட்ட குடுத்தேன், நீ கேப்பேன்னு பார்த்தேன், கேக்கல, அப்புறம் அதுவா கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடுச்சு என்றார். முப்பத்தொரு வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷன். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் வலிக்கிற முழங்காலோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, நம்ம வெஸ்லிகிட்ட கேட்டியா என்றார். மூன்று நாளாகிறது, எனக்குச் சோறும் இறங்கவில்லை, அழுகையும் வரவில்லை. தேறிவிடும் என்று உனக்கு எழுத ஆசைதான், பொய்யாகிவிடும்.

அதனால் கேட்கிறேன். நேரில் கேட்க வேண்டியது, நீ போனை எடுக்காததால் காகிதத்தில் கேட்கிறேன். வெஸ்லி, உன் உயிரை நீயே முடித்துக்கொள்ளும் நினைப்பு உனக்கு இருக்கிறதா? இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்று இருக்கிறதா? ஆமாம் என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் அனுப்பு, விளக்கம் வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் கிளம்பி வருகிறோம். இல்லை என்றால் அதையும் எழுது. என்மேல் கோபம் என்றால் கோபத்தை எழுது, எத்தனை பக்கமானாலும் சரி, உன் காலுறையைப் பற்றிப் பதில் எழுத மாட்டேன்.

நீண்ட ஆயுளோடு இரு என்று பெரியவர்கள் கடித முடிவில் எழுதுவார்கள், கையெழுத்துக்கு முன்னால் வருகிற சும்மா வரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீண்ட ஆயுளோடு இரு, வெஸ்லி. கடவுளைக் கேட்டாகிவிட்டது, இப்போது உன்னைக் கேட்கிறேன். ஒன்றை மறக்காதே, எங்களிடம் பேசப் பிடிக்காவிட்டால் 988 என்ற எண்ணுக்கு அடி, எந்த நேரமானாலும் ஆள் இருப்பார்கள், கேட்கத் தெரிந்தவர்கள்.

இப்படிக்கு,
எட்டு வருஷம் தாமதமாக,
உன் அம்மா மார்லீன்