கத்திரி வெயிலில் ஸ்வெட்டர்

பட்டாபிராம்
14.5.93

என் பொறுமையைச் சோதிக்கும் பேத்திக்கு,

நீ அனுப்பிய பார்சலை உன் அப்பன்தான் முதலில் பிரித்தான். அரியர் எழுத வேண்டும் என்று லீவிலும் விடுதியில் தங்கிய பெண், கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னி, ஈஸ்டருக்கு வந்தபோது எடுத்த படங்களையும் கழுவி அனுப்பினால் அவன் என்ன செய்வான்?

"படிக்க அனுப்புனா இன்னா பண்ணிகினு கீறா பாரு. படிச்சது போதும், ஊட்டுக்கு வரச் சொல்லு" என்று குதித்தான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையன்று ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன் பேசுகிற பேச்சா இது? நான் மறப்பேனா?

"நான்தான் பின்னச் சொன்னேன். எனக்குக் குளுருது" என்று சொல்லிவிட்டேன்.

"கத்திரி வெயில்லயா?"

அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் திரிகிறேன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஞாயிறு பூசையில் எதிர்வீட்டு செலின் தன் விசிறியை என்னிடம் நீட்டிவிட்டுச் சிரித்தாள். அதை மனதில் வைத்திருக்கிறேன். முப்பத்தாறு படத்தில் ரயில், காக்கை, என் கால் எல்லாம் இருக்கிறது, என் முகம் ஒன்றில்கூட இல்லை. அதையும்தான் வைத்திருக்கிறேன்.

நேற்று உன் அப்பன் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனான். காய்ச்சல் இல்லை என்றதும் பயந்துவிட்டான். "அம்மாவுக்கு இன்னமோ ஆய்ப்போச்சு" என்று வழியெல்லாம் கண் கலங்கினான். உன் படிப்பை நிறுத்தும் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

ரெண்டு பேப்பரையும் பாஸ் பண்ணித் தொலை. அதுவரை நான் இதைக் கழற்ற முடியாது.

வியர்வையில் ஊறிக்கொண்டிருக்கும்,
உன் அப்பனைப் பெற்றவள்