அச்சில்லாத இயந்திரம்

ஒசாகா

தம்பிக்கு,

நீ கையெழுத்திட்ட தாளைக் காட்டி, உன் கம்பெனி லாரி எங்கள் பட்டறையில் கார்க் கொக்கி வார்க்கும் அச்சுகளையெல்லாம் ஏற்றிப்போய்விட்டது. அச்சு உங்கள் சொத்துதான். ஆனால் புயலில் நாங்கள் முடங்கியபோது, எங்கள் கொக்கி இல்லாமல் உங்கள் கார் ஆலையே நின்றது. உன் மேலாளர் விலையுயர்ந்த முலாம்பழத்தைப் பரிசாக எடுத்துக்கொண்டு ஓடி வந்தாரே, மறந்துவிட்டதா?

வழக்கம்போல லாரி தெருமுனை திரும்பும்வரை குனிந்து வணங்கியபடியே நின்றேன். உன் அத்தான் வெளியே வரவில்லை. வெறும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்; சொல்லியும் நிறுத்தவில்லை.

அந்தச் சத்தம் கேட்டு எதிர்க்கடை ஹருயோ வந்தாள்.

"மெஷின் ஓடுதே, வேலை வந்துடுச்சாக்கா? நாளைக்கும் உங்க ஆளுங்களுக்கு நூடுல்ஸ் போடட்டுமா?"

எங்களை விட்டால் அவளுக்கு வேறு வாடிக்கை இல்லை.

"போடு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மாவு பிசைவதற்குள் அந்த லாரியை அச்சுகளோடு திருப்பி அனுப்பு.

உன் அக்கா