குரல் போன பிறகு நடத்திய வகுப்பு

அன்புள்ள சாந்தாமணி அம்மணிக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் உன் நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. உன்னிடம் கேட்க நினைத்து, கேட்காமலே போன ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. படிக்கிறவர்களுக்காக, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பொறுத்துக்கொள்.

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியபோது எனக்குக் குரல் இல்லை. பதினாறு ஆண்டு கத்திக் கத்தி வரலாறு நடத்தியவன் நான். "நூலகத்துப் பக்கம் மாத்திக்கலாமுங்க சார், உடம்புக்கும் நல்லதுங்க" என்றார் துறைத்தலைவர். நல்ல மனிதர்தான். பையிலிருந்த நோட்டை எடுத்துப் பதில் எழுதினால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

மறுநாள் நீயே தேடி வந்தாய். ஆசிரியர்களுக்குக் கணினி சொல்லித்தருவது உன் வேலை. ஆனால் எங்களில் ஒருவரும் அதுவரை உன் மையத்தின் படியேறியதில்லை.

"ஏனுங்க சார், டைப் அடிக்கத் தெரியுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பழகிக்கலாமுங்க. கை நல்லாத்தானுங்களே இருக்குது?"

கணினியில் அடிப்பதை அப்படியே சுவரில் காட்டும் தகடு ஒன்று, புரொஜெக்டரின் மேல் வைப்பது, உன் மையத்தில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்து வந்தாய். தமிழ் எழுத்துகளைத் துண்டுத் தாளில் எழுதி விசைப்பலகையில் ஒட்டினாய். ஒரு மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் 'ழ' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு வாக்கியம் அடித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. கொட்டாவிச் சத்தம் முன்வரிசையிலேயே கேட்டது. 'நூலகத்துக்கே போகிறேன்' என்று எழுதி உன்னிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க சார்" என்றாய்.

திங்கட்கிழமை காலையில் வந்து, "முழுசா அடிக்காதீங்க. பாதி அடிச்சுப்போட்டு நிறுத்துங்க. மீதிய அவங்க சொல்லட்டுமுங்க" என்றாய்.

'கோயமுத்தூரில் இத்தனை பஞ்சாலைகள் வரக் காரணம்' என்று அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண், "கரிசல் மண்ணுங்க சார், பருத்தி" என்றாள். "அதில்லீங்க, ஊட்டி மலையில பைக்காரா தண்ணியில எடுத்த கரண்ட்டு" என்று பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். அப்புறம் ஒரே சண்டை. பதினாறு ஆண்டில் என் வகுப்பில் அப்படி ஒரு சண்டை நடந்ததே இல்லை. நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததாலா?

எந்த வகுப்பும் எடுக்காத உனக்கு அந்த வழி எப்படித் தெரிந்தது? இன்னொரு நாள் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் பொள்ளாச்சியில் உன் வீட்டுக்குப் போய், உன் தங்கையிடம் அந்த வெள்ளியும் திங்களும் நடந்ததை நோட்டில் எழுதிக் காட்டி, அதையே கேட்டேன். சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஞாயித்துக்கெழம அக்கா வாயே தொறக்கலீங்க சார். எது வேணும்னாலும் சிலேட்டுல எழுதித்தான் காட்டுச்சு. அது பாதி எழுதறதுக்குள்ள நாங்களே மீதியச் சொல்லிப்போடுவோமுங்க. அதப் பாத்து அதுக்கு ஒரே சந்தோசம். ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்லீங்க."

ஒரு முழு நாள் எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாய். ஏன் அம்மணி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

இப்போது மற்றத் துறைகளிலிருந்தும் ஆசிரியர்கள் கணினி கற்றுத்தரச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். வேதியியல் அம்மா ஒருவருக்கு மவுஸைத் தொடவே பயம். புது ஆள் வரும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் திங்களன்று அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காரப் போகிறேன். வேதியியல் எனக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனால் அவர் எந்த இடத்தில் திணறுகிறார் என்று பார்த்த பிறகுதான் அவருக்காகக் கணினியைத் திறப்பேன். யார் வந்து கேட்டாலும் இனி அப்படியே செய்வேன். இது உனக்குத் தரும் வாக்கு.

கடைசிவரை நீ 'சார்' என்றே கூப்பிட்ட,
உன் அண்ணன்
ரங்கசாமி