சாதகக் கொப்பியின் பின்பக்கம்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அம்மா சுகம். உங்கள் சைக்கிளை இப்போது நான்தான் ஓடுகிறேன். ஆனால் அதைச் சொல்ல இதை எழுதவில்லை. எனக்குப் பொறாமை, அப்பா. சுத்தப் பொறாமை. உங்களிடம் இல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் கிர்ஸ்டன், போன கிழமை இடைவேளையில் மேசை நீளத்துக்கு ஒரு தாளை விரித்தாள். அவள் வம்சத்தின் எட்டுத் தலைமுறை! உச்சியில் இருந்தவன், டென்மார்க் அரசன் காணி கொடுக்கிறானென்று கேள்விப்பட்டு ஜெர்மனியிலிருந்து வந்து, சில்க்போர்க் நகருக்கு அங்காலே வெறும் பற்றையாகக் கிடந்த வெளியைக் கொத்திக் கிழங்கு போட்டவனாம். கூட வந்தவர்களில் பலர் தாங்காமல் ஓடிவிட, இவன் நின்றுவிட்டான். அவன் பிள்ளைகள் பிறந்ததும் செத்ததும் தேவாலயப் புத்தகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் வீட்டில் இருந்தபடியே கணினியில் எடுத்தாளாம்.

"உன்ர பூட்டன் ஆர்?" என்று டேனிஷில் கேட்டாள். என் வாய் சும்மா இருந்ததா?

"எங்களுக்கும் எழுதிவச்சுக் கிடக்கு. திங்கட்கிழமை கொண்டுவாறன்" என்றேன். அண்டப் பொய். அவள் முகத்தில் இருந்த பெருமை ஒரு நாளாவது எனக்கும் வேண்டுமென்று இருந்தது.

வேலை முடிந்ததும் பஸ்ஸில் இருந்தே கிளிநொச்சிக்கு, உங்கள் தங்கைக்குப் போன் எடுத்தேன். மாமிக்கு ஒரே சந்தோஷம்.

"எங்கட ஐயா கந்தையாதான் தான் பிறந்த தீவில இருந்து வந்து இஞ்ச காடு வெட்டினவர். யானைக்குத் தகரம் தட்டித் தட்டிப் பரணில படுத்தவர். அவற்ற தேப்பன் முருகேசு. அங்கால எனக்குத் தெரியாது பிள்ளை. என்ர அண்ணர், கொப்பர்தான் தன்ர சாதகக் கொப்பியின்ர பின்பக்கத்தில எல்லாற்ற பேரையும் எழுதிவச்சவர். எடுத்துப் பாரன்."

எதை எடுப்பது? செத்தவரின் சாதகத்தை வீட்டில் வைத்திருப்பதில்லை என்பது நம் வழக்கம். பெட்டியை மூடுமுன் அதை உங்கள் நெஞ்சில் வைத்து எரிக்க அனுப்பியவள் நான். ஒரு ஒற்றையைக்கூடப் புரட்டவில்லை. நீங்கள் ஒருமுறை சொல்லியிருக்கலாமே, அப்பா? நானாவது கேட்டேனா?

"ஓம் மாமி, பாக்கிறன்" என்று வைத்துவிட்டு, இறங்கும் இடம்வரை அழுதேன்.

திங்கட்கிழமை கிர்ஸ்டனிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தாளின் உச்சியைத் தொட்டுக் காட்டினாள். "இவன்ர தேப்பன் ஆரெண்டு எனக்கும் தெரியாது. இஞ்ச வந்த பிறகுதான் எழுதியிருக்கினம்."

கேட்டதும் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனாலும் அவளிடம் எட்டு, என்னிடம் நான்கு. பொறாமை போய்விட்டதென்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று நானும் ஒரு தாள் வாங்கினேன். முருகேசு, கந்தையா, பிறகு டென்மார்க்குக்கு வந்து இறங்கிய நீங்கள், நான். கொப்பிக்கு நடந்ததை மாமியிடம் இந்த ஞாயிறே சொல்வேன். அவர் ஏசி முடித்ததும், அவருக்கு ஞாபகமுள்ள ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுவேன். என் பேரப்பிள்ளைகள் இன்னொருவரின் தாளை எட்டிப் பார்த்து என்னைப்போல் வயிறெரிய விடமாட்டேன், அப்பா.

முருகேசுவின் பூட்டப்பிள்ளை,
கந்தையாவின் பேத்தி,
உங்கள் மகள்
வதனி