சால் ஏறுகிற நேரம்

மாசி, செவ்வாய்க்கிழமை.

யுத்தக் காகிதப் பஞ்சத்தில் நாலு தாள் செலவழித்து ஒரு ஏற்றப்பாட்டு எழுதியிருந்தேன். காலையில் மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கிணற்றில் சால் சாலாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திவிட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு மாப்புள. சால் பாதி ஏறி வர்றதுக்குள்ள அடி முடிஞ்சு போவுது. மிச்சத்துக்கு நான் என்னத்தப் பாடுறது?"

ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடத்தில் யாப்பு நடத்துகிற என்னிடமே! "எதுகை மோனையெல்லாம் சரியா இருக்கே" என்றேன்.

"அப்ப எதுகையே வந்து எறைக்கட்டும்."

கோபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சால் கட்டிய கழியைப் பிடித்தேன். மச்சான் மேலே ஏற்ற மரத்தை மிதிக்கப் போனார். இருபது சால் வரைக்கும் மூச்சுதான் வந்தது, பாட்டு வரவில்லை. வெறும் சால் இறங்கும்போது சொற்கள் ஓடலாம். நிறைந்து ஏறும்போது ஒரே சொல்லை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது மேசையில் உட்கார்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஐம்பதாவது சாலுக்குப் புது அடி ஒன்று தானாக வாயில் வந்தது. மச்சான் மரத்தின் மேலிருந்து அதையே திருப்பிப் பாடினார். அந்த ஒரு அடியிலேயே கத்தரிப் பாத்தி முழுக்க நனைந்தது.

அதை எழுதி வைக்கத்தான் நோட்டை எடுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்துவிட்டது, இதற்குமேல் பேனா பிடிக்க முடியவில்லை. நோட்டில் இருக்கிற முப்பது பாட்டும் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதாத இந்த ஒன்று மறந்துபோனால், கிணற்றடியில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.