பெடல் மிதித்தவளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிப்போமே, அந்த நாலு கைப் பாடத்தை இன்று என் மாணவியோடு வாசித்தேன். டீச்சர் என்பதால் முதல் முறையாக உன் இடத்தில், இடது பக்கம், உட்கார்ந்தேன். ஒலியை நீட்டும் பெடலும் அந்தப் பக்கத்து ஆளின் பொறுப்புதானே. நான் மிதிக்க மிதிக்க, அவள் வாசித்ததெல்லாம் ஒரே குழம்பலாகக் கேட்டது.

"மிஸ், நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல" என்றாள்.

தனியாக வாசிக்கும்போது என் கால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இன்னொருத்தியின் கையைக் கேட்டு மிதிக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

"சின்னவ விரல் என்னமா பாடுது!" என்று எல்லோரும் மெச்சியபோது பாடியது உன் கால். போன வாரம்கூட, "எங்க அக்கா பக்கத்துல உக்காந்து சும்மா டொம்மு டொம்முன்னு தட்டுவா" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தேன். இவளும் சிரித்தவள்தான். இன்று கேட்கிறாள்:

"அப்போ உங்க அக்கா எப்படி மிஸ் மிதிப்பாங்க?"

நீ ஏன் வாசிப்பதை நிறுத்தினாய் என்று நான் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்க வாய் வரவில்லை. பெடலிலிருந்து காலை எப்போது எடுப்பாய் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் வலது பக்கத்தில் உட்கார்ந்தவள்