மேடையில் நின்ற என் சட்டை

என்னைத் தூக்கி வளர்த்த சிவகாமி அக்காவுக்கு,

சொன்னால் சிரிப்பாய். பெற்ற மகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருபதடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், அரை மணி நேரம் பார்த்தும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கடையில் மறந்துவிட்டேன் என்று ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன்னிடம் அந்தப் பொய் எடுபடாது. கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

கடைக்காரர்கள் போடும் ஆண்டு மலரில் காலமானவர்களுக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் கரையேறாத எனக்கு இரண்டு வரியில் நிறுத்தத் தெரியவில்லை. தப்பு இருந்தால் திருத்திக்கொள். என் வாழ்க்கையில் வந்த எல்லாப் படிவத்தையும் நீதானே நிரப்பினாய்?

கடைசியாக நீ நிரப்பியது என் மகள் பவித்ராவின் படிவம். நம் வார்டு வாயனசாலையில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி நாடகம் பழக்குகிறார்களே, அதற்கு. கண் தெரியாத பையன், காது கேளாத இரண்டு பெண்கள், படிப்பை நிறுத்திய ஆட்டோக்காரர் மகன், எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு என்றாய். நான் கோபத்தில் குதித்தேன்.

"பேச்சு திக்குக பிள்ளைய நாடகத்துக்கு அனுப்புகியே, உனக்கென்ன கிறுக்கா? நாலு பேரு சிரிக்கதுக்கா?"

"சிரிக்கட்டும்டே. உன் மிளகா வத்தல் மூட்டையும் நீயும் மட்டும் போதுமா அவளுக்கு? கூட்டாளி வேண்டாமா?"

அப்புறம் மூன்று வாரம் நான் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாவது வாரம் நீ ஆஸ்பத்திரியில். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, விடு.

நீ போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. போன மாதம் அவள் அம்மா கோமதி வழியாக ஒரு மனு வந்தது. மலையடிவாரத்தில், வித்துராவில், சின்னப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி நாடகம் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமைதோறும் ஆள் வேண்டுமாம். பவித்ராவைப் போகச் சொல்கிறார்களாம். தனியாக, பஸ்ஸில். நான் முடியாது என்றேன். கண்டக்டர் "எங்கே போகணும்?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? கோமதி மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு பிள்ளையை அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாடகம். தனக்கு வசனம் இல்லை என்று வீட்டில் சொல்லியிருந்தாள். திரை இழுக்கிற வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானும் கோமதியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

மேடையில் ஒரு அப்பன் வந்தான். பெரிய மீசை, நீலக்கோடு போட்ட சட்டை, தோளில் தோர்த்துத் துண்டு. கூட ஒரு சின்னப் பெண். முதலில் ஆஸ்பத்திரி. டாக்டர் அந்தப் பெண்ணிடம், "மோளே, எவிடயா வேதனை?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பன் முந்திக்கொண்டான்.

"வயித்துலயாக்கும் டாக்டரே. நேத்து தோசை கொஞ்சம் கூடிப்போச்சு."

அந்தப் பெண் பாவம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். டாக்டர் வயிற்றுக்கு மருந்து கொடுக்கிறார். நான் தொடையில் அடித்துச் சிரித்தேன். கூடத்திலேயே என் சிரிப்புதான் பெரிது.

"கோமதி, ஆரு இந்தப் பையன்? என்னமா பேசுகான்! நிக்காத மழை மாதிரி!"

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சட்டையப் பாத்தியா? நம்மகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு உண்டுல்லா?"

"உண்டும். காலம்பற வரைக்கும் கொடியில கெடந்தது."

அப்போதும் உறைக்கவில்லை, அக்கா. அடுத்த காட்சியில் கல்லூரி அதிகாரி பெண்ணின் பெயரைக் கேட்கிறார். அப்பன் மூன்று தடவை தொண்டையைச் செருமினான், தோர்த்தால் கழுத்தின் பின்புறத்தைத் துடைத்தான், "நல்ல பிள்ளையாக்கும் சார், கொஞ்சம் கூச்சம், அம்புட்டுதான்" என்று ஆரம்பித்தான். என் வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கையும் என் தோர்த்தும் அந்த நேரம் என் கழுத்தின் பின்னால் இருந்தன.

மீசைக்கு மேலே இருந்தவை நம் பவித்ராவின் கண்கள்.

கோபம் வந்திருக்க வேண்டும், இல்லையா? வந்தது, உடனே எங்கோ போய்விட்டது. ஊர் சிரித்தது எனக்கு அதிர்ச்சி இல்லை. அவள் பேசியதுதான். பத்தொன்பது வருஷத்தில் அவள் தன் பெயரைக்கூட ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே நின்று ஒரு இடத்திலும் திக்காமல், தமிழும் மலையாளமும் கலந்து, என்னைப் போலவே நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். இது எப்படி? உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் போனாயா?

நாடகம் முடிந்தது, ஆனால் முடியவில்லை. இவர்களுக்கு ஒரு வழக்கம். அதே கதையை மறுபடி முதலிலிருந்து நடத்துவார்கள். பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி "நிர்த்து" என்று சொல்லலாம். ஆட்டம் அப்படியே நிற்கும். கை தூக்கியவர் மேடையேறி, அந்த அப்பனின் இடத்தில் நின்று, வேறு எப்படி நடந்திருக்கலாம் என்று செய்து காட்ட வேண்டும்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஏறினார். பிள்ளைகளைப் பேச விடுவது எப்படி என்று பத்து நிமிஷம் பேசினார், பெண்ணைப் பேச விடவில்லை. கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. குழுவை நடத்தும் அனீஷ் என்ற பையன், "இனி ஆரா?" என்று கேட்டான்.

கோமதி என் விலாவில் இடித்தாள். "போங்க."

"நானா? எனக்கு நாடகம் எங்க தெரியும்?"

"தெரியாமத்தான் இம்புட்டு நேரம் அங்க நின்னு பேசினியளாக்கும்!"

கையைத் தூக்கினேன். "நிர்த்து" என்று சொன்னது என் குரல்தான் என்று நம்புவதற்கே சிரமமாக இருந்தது.

அப்போது பஸ் காட்சி. நான் ஏறியதும் பவித்ரா மீசையைப் பிய்த்து எடுத்தாள். அந்தச் சின்னப் பெண்ணை நகரச் சொல்லிவிட்டு, மகளின் இடத்தில் அவளே நின்றாள். அனீஷ் கண்டக்டர். தோளில் பையோடு வந்து கேட்டான்.

"எவிடேக்கா?"

அவள் வாய் திறந்தது. "வ்... வ்..." தாடை பூட்டிக்கொண்டது. கண் இமை துடித்தது. எனக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியும், அக்கா. என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. தோர்த்து நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டரும் அவசரப்படுத்தவில்லை. அந்த நேரத்துக்குள் நிஜ பஸ் பாதி வழியில் இருக்கிற நெடுமங்காட்டைத் தாண்டியிருக்கும்.

"வித்துரா," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணு."

"அச்சனு டிக்கெட் வேண்டே?"

அவள் என்னைப் பார்த்தாள். "வே... வேண்டா. அப்பா இங்கயே எறங்கிருவாங்க."

கைதட்டல் காதை அடைத்தது. நான் இறங்கினேன். படி எது, தரை எது என்று தெரியவில்லை. அந்தக் காது கேளாத பெண்களில் ஒருத்தி கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

நேற்று சனிக்கிழமை. அவள் வித்துராவுக்குப் போனாள். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் வர எனக்கு அனுமதி கிடைத்தது, அதற்கு அந்தப் பக்கம் இல்லை. ஒரு தேங்காய் உடைத்தேன். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே உடைத்ததில் பாதித் தேங்காய் போக்குவரத்துப் போலீஸ்காரரின் பூட்சில் போய் விழுந்தது. அவர் முறைத்ததற்கு நான் விளக்கம் சொல்லி முடித்துத் திரும்பியபோது பஸ் போயே போய்விட்டது.

சாயங்காலம் பத்திரமாக வந்தாள். அடுக்களையில் கோமதியிடம் வெகுநேரம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முன் அறையில் இருந்தேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் வந்தது, வார்த்தை பிடிபடவில்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், அக்கா. அவள் தொடங்கிய வார்த்தையை இனி அவள்தான் முடிப்பாள். எவ்வளவு நேரமானாலும் நான் நிற்பேன். வாக்கு கொடுத்த பிறகே இரண்டு தடவை வாய் தவறிவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. கை தூக்கி "நிர்த்து" என்று சொல்ல அவளுக்கு வீட்டிலும் உரிமை கொடுத்திருக்கிறேன்.

நாடகம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், ஸ்கூட்டரில் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமினேன், பிறகு கேட்கவில்லை. இதுவரைக்கும் கேட்கவில்லை.

"பவித்ரா, நான் பக்கத்தில் இல்லாத இடத்திலும் உனக்குத் திக்குமா?"

உன் கைப்பிடித்து நடந்த தம்பி,
ஆறுமுகம்